அண்ணன் கொடுத்த சோளத்தூரை வைத்திருப்பவர்களுக்கு

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் என்ன எழுதுவது என்று ஒரு வாரமாக வீட்டில் சண்டை. "நல்லத மட்டும் எழுதும்மா" என்கிறார்கள் அண்ணியார். நல்லதையும் எழுதுகிறேன். ஆனால் சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காத விஷயம் ஒன்று இருக்கிறது. உறவினர், நண்பர் அத்தனை பேர் கைக்கும் போய்ச் சேரப்போகும் தாள் இது ஒன்றுதான். தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

அண்ணன் பிறந்தது வல்லத்துக்குப் பக்கத்துச் சிற்றூரில். எங்களுக்கு இருந்தது வானம் பார்த்த துண்டு நிலம். ஒரு பஞ்ச வருஷத்தில் வேறு தானியம் இல்லாமல், விதைக்கு வைத்திருந்த சோளத்தை இடித்து அம்மா கூழ் காய்ச்சினார்கள். நான் அப்போது கைக்குழந்தை. அண்ணனுக்கு விவரம் தெரிந்த வயது. அடுத்த மழைக்கு ஊரே விதைத்தபோது எங்கள் நிலம் மட்டும் சும்மா கிடந்தது. நைனா கல் உடைக்கப் போனார். அந்த வெறும் நிலத்தை அண்ணன் மறக்கவே இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு கூலிக்குப் போய் என்னைப் படிக்க வைத்தார். இன்று நான் செஞ்சியில் ஆசிரியையாக இருப்பது அவர் உழைப்பில்.

பயிர் ஆராய்ச்சி செய்யும் பண்ணை ஒன்றில் களை எடுக்கச் சேர்ந்தவர், கைச்சுத்தத்தாலும் பொறுமையாலும் பீல்டுமேன் ஆனார். அங்கே ஓர் ஆய்வாளர் ஐயா, சோளத்தை வருஷக்கணக்கில் சாகாத ஒரு காட்டுப்புல்லோடு ஒட்டுச்சேர்க்கப் பார்த்துக்கொண்டிருந்தார். விடியலில் ஊசி முனையால் சோளப்பூவின் மகரந்தப் பையைக் கிள்ளி எடுப்பதும், காகித உறை மாட்டுவதும், புல்லின் மகரந்தத்தைத் தூவுவதும் அண்ணன் வேலை. ஒருமுறை விதைத்தால் அறுக்க அறுக்க, வேரோடு நிற்கும் அடித்தண்டான தூரிலிருந்து கிளம்பி ஆண்டுதோறும் கதிர் தரும் சோளம் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

லீவுக்கு வரும்போதெல்லாம் இதே பேச்சுதான்.

"ஒரு தபா விதைச்சா போதும் பாப்பா. வீட்ல விதை இல்லன்னாலும் நிலம் சும்மா கெடக்காது."

"இதெல்லாம் நடக்கிற காரியமாண்ணா?"

"நீ இன்னாத்துக்கு எப்பப் பாத்தாலும் பயந்துக்கினே இருக்கற?"

அது என்னவோ லேசில் நடக்கிற காரியமாக இல்லை. வேர் பிழைத்தால் கதிர் சிட்டுக்குருவிக்கும் காணாது. கதிர் பெருத்தால் வேர் செத்துப்போகும். இன்னும் பல வருஷம் ஆகும் என்று ஐயாவே சொன்னாராம். அதற்குள் ரேஷன் கடை வாசலில் சனம் நிற்கத் தொடங்கியது. ஆராய்ச்சியின் போக்கே மாறிற்று. உரம் போட்டால் கிடுகிடுவென்று வளர்ந்து சீக்கிரம் விளைந்து அறுப்புக்கு வரும் வீரிய ரகம்தான் எல்லோருக்கும் வேண்டியிருந்தது. ஐயா அண்ணனைக் கூப்பிட்டு, "நாட்டுக்கு இப்ப அவசரம்பா. நம்ம பயிர் நிதானம். தூரெல்லாம் தோண்டி எரிச்சிடு" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பசிக்கிறவனைப் பத்து வருஷம் பொறு என்று எப்படிச் சொல்வது?

அண்ணன் தோண்டினார், எரித்தார். எல்லாவற்றையும் அல்ல. கொஞ்சம் தூரை ஈரச் சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போகும் பழக்கம் அண்ணனுக்குக் கிடையாது. கல்யாணம், மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா எதுவானாலும் மற்றவர்கள் வாழைப்பழச் சீப்போடு போவார்கள். அவர் சோளத்தூரோடு போவார். நாங்கள் சிரிப்போம். ஒவ்வொரு வீட்டிலும் குழி தோண்டி அவரே நட்டுவிட்டு, "கதிர் தள்ற வரைக்கும் மாட்டக் கிட்ட வுடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் காப்பியே குடிப்பார். காய்ந்து கிடந்த சோளத்தில் மழைக்குப் பின் வரும் இளங்குருத்து மாட்டுக்கு நஞ்சு. இது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நாம் விதைத்த சோளம் எப்போது குருத்து விடும் என்பது நமக்குத் தெரியும். இந்தச் சோளம் யாரையும் கேட்காது. நாம் மறந்துபோன கொல்லை மூலையில், ஒரு தூறல் விழுந்தாலும் கிளம்பிவிடும்.

போன வருஷம் கோடையில் அண்ணனுக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மழ வந்துச்சா பாப்பா?" என்று கேட்டார். ஜன்னியில் பேசுகிறார் என்று நினைத்து, "வரலண்ணா, தூங்குங்க" என்றேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் தூங்கச் சொன்னேன். யார் யார் வீட்டில் நட்டார் என்று அப்போதே கேட்டிருக்கலாம். பாவி, கேட்கவில்லை. அன்று சாயங்காலம் அவர் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரமே மழை பெய்தது. சில நாள் கழித்து எங்கள் வெள்ளைப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் முழங்கால் உயரம்கூட வராத குருத்தைத் தின்றுவிட்டது. மாடு நடுங்கியது, மூச்சு இரைத்தது, கால் மடக்கி விழுந்தது. வைத்தியரைக் கூப்பிடச் செருப்பு மாட்டிய என் கணவர் தெருமுனை தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எல்லாம் தெரிந்த என் வீட்டிலேயே இந்தக் கதி. என் கணவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழி தோண்டப் போனார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

மறுநாளே தளவானூருக்குப் பஸ் ஏறினேன். சித்தப்பா வீட்டுக் கொல்லையில் அதே பச்சை. அதன் பக்கத்திலேயே கன்றுக்குட்டி கட்டியிருந்தது. குருத்துக்கும் அதன் வாய்க்கும் ஒரு சாண் இருக்கும். ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தேன்.

"இன்னாம்மா இது, வந்ததும் வராததுமா கன்னுக்குட்டிய இழுத்துக்கினு ஓடற?"

"அண்ணன் உங்ககிட்ட சொல்லலியா சித்தப்பா?"

"சொன்னாரு, சொன்னாரு. செடி வெச்சாருன்றது ஞாபகம் இருக்குது. சொன்னதுதான் மறந்துபோச்சு."

அதிலிருந்து லீவு நாளெல்லாம் பஸ் ஏறி, தெரிந்த வீடுகளுக்கெல்லாம் போய்விட்டேன். தெரியாத வீடுகள் எத்தனையோ.

இதை மலரில் போடுகிறேன் என்றதும் அண்ணியார் அழுதார்கள். "செத்துப்போனவர ஊரெல்லாம் குத்தம் சொல்ல வெக்கிறியே" என்றார்கள். நானும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவர்களே வந்து உட்கார்ந்து, "எழுது. அவரு இருந்தா வீடு வீடா அவரே போயிருப்பாரு" என்றார்கள்.

அண்ணனைத் தோளில் சுமந்தவர்கள், ஆஸ்பத்திரியில் கூட இருந்தவர்கள், காரியத்துக்கு அரிசியும் காய்கறியும் கொண்டுவந்து இறக்கியவர்கள், இந்த எழுத்தையெல்லாம் பொறுமையாகக் கோத்துத் தந்த அச்சகத்தார் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. நீங்கள் செய்த உதவிக்குப் பதிலாக உங்கள் தொழுவத்தில் சாவு விழுந்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

தூரைப் பிடுங்குவதும் முள்வேலி கட்டி வைத்திருப்பதும் உங்கள் விருப்பம். வைத்திருந்தால் கதிர் வரும்வரை மாட்டை நெருங்க விடாதீர்கள். நினைவு நாள் முடிந்து வீடு போய்ச் சேர்ந்ததும் கொல்லைப்புறம் பார்த்துவிட்டு எனக்கு ஒரு கார்டு போடுங்கள். தூர் வாங்காதவர்களும் வாங்கவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள். பதில் வராத வீட்டையெல்லாம் மாடு செத்த வீடாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருப்பேன்.