ஒற்றைக் காதில் கேட்ட ஆல்பம்

சூசைராஜ் சார் போய்விட்டார். ஹார்ட் அட்டாக்.

நேற்றுக் காலை பேப்பர் வேல்யுவேஷன் குரூப்பில் அவர் போட்டோவைப் போட்டிருந்தார்கள். கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். அதற்கும் கீழே, அடுத்த ட்ரெயினிங் எந்த ஸ்கூலில் என்று யாரோ கேட்டிருந்தார்கள்.

இன்று அடக்கம். போய்விட்டு வந்து எழுதுகிறேன். என் ஃப்ரெண்ட் லிஸ்டில் அவரைத் தெரிந்தவர்கள் அநேகமாக யாரும் இல்லை. இருந்தாலும்...

அவர் ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஸ்கூலில் கெமிஸ்ட்ரி. நான் சாணார்பட்டிப் பக்கம், அதே கெமிஸ்ட்ரி. வருஷத்துக்கு ஒருமுறை பிளஸ் டூ பேப்பர் திருத்தப் போகிற இடத்தில்தான் பார்ப்போம்.

முதல் வருஷம் சிவப்புப் பேனாவால் பெஞ்சில் தட்டிக்கொண்டே இருந்தார். எனக்குத் தெரிந்த தாளம். ஒரு தமிழ் ராக் பேண்டின் முதல் ஆல்பத்தில் வருவது. திண்டுக்கல்லில் அதைக் கேட்கிற ஆள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். டீ பிரேக்கில் போய்க் கேட்டேன். அவரும் அப்படித்தான் நினைத்திருந்தாராம், தான் ஒருத்தன்தான் என்று.

பிறகு அந்த பேண்ட் 'ஒட்டடை' என்று இரண்டாவது ஆல்பம் போட்டது. ஆடுகிற பாட்டு ஒன்றுகூட இல்லை. நிறையப் பாட்டில் ட்ரம்ஸே கிடையாது. நெட்டில் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து கமெண்டில் அடித்துக்கொண்டார்கள்.

எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. கிட்டார் ஒரு வரி வாசிக்கும், நின்றுவிடும். வெறுமனே இருக்கும். மறுபடி ஒரு வரி. ஏதோ ரிப்பேர் போல.

சூசைராஜ் சாருக்கு அதுதான் உயிர். பேப்பர் திருத்துகிற கேம்ப் முடிகிறவரை சண்டை. அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் சண்டை. இத்தனை வருஷத்தில் வீட்டு விஷயம் நாங்கள் பேசியதே இல்லை என்று சொல்லலாம்.

ஒருநாள் போன் செய்தார். ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் விழாவுக்கு அந்த பேண்ட் வருகிறதாம், ஒட்டடையை முழுசாக வாசிக்கப்போகிறார்களாம். பக்கத்து வீட்டு அக்காவை அம்மாவோடு உட்காரச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மூன்றாவது பாட்டுக்குள் பிள்ளைகள் எல்லாம் "பழைய பாட்டு போடுங்கண்ணா" என்று கத்திப் பார்த்துவிட்டு பானிபூரி ஸ்டாலுக்குப் போய்விட்டார்கள். மேடைக்கு முன்னால் கிரவுண்ட் காலி. நாங்கள் இரண்டு வாத்தியார்கள் மட்டும் நின்றோம்.

மேடையில் இடது ஓரம் ஒருவர் கிட்டார், வலது ஓரம் இன்னொருவர் கிட்டார். இவர் ஒரு வரி வாசித்து நிறுத்தினார். அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. அதற்கு இவர் பதில். நான் வெறுமை என்று நினைத்த இடத்தில் எல்லாம் இன்னொருவர் பேசிக்கொண்டிருந்தார்.

"சார், இதுல ரெண்டு கிட்டாரா?"

என்னைத் திரும்பிப் பார்த்தார். "இம்புட்டு நாளா எதைக் கேட்டுட்டு டீச்சர் எங்கூடச் சண்டை போட்டீங்க?"

சொன்னேன். நான் எப்போதும் இயர்போனில் ஒன்றைத்தான் மாட்டுவேன், இடது காதில். வலது காது வீட்டுக்கு. குக்கர் விசில், காலிங் பெல், அம்மா உள்ளே இருந்து கூப்பிடுவது... இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு உட்கார எனக்கு ஒருநாளும் தைரியம் வந்ததில்லை.

அவர் சிரித்த சிரிப்பில் பேஸ் கிட்டார்க்காரர் எங்களை ஒருமுறை பார்த்தார்.

"ரெண்டாவது கிட்டாரு வலது காதுலதான டீச்சர் வரும்! அப்ப பாதி ஆல்பத்தத்தான் திட்டிருக்கீங்க. மீதி பாதியக் கேட்டுட்டு வந்து திட்டுங்க, ஒத்துக்கிறேன்."

கேட்டேன். திட்ட முடியவில்லை.

அடுத்த கேம்ப் முழுக்க "ஒத்தக்காது டீச்சர் வந்தாச்சா?" என்றுதான் ஹாலுக்குள் வருவார். மற்றவர்களுக்குப் புரியாது. எனக்குக் காது அடைப்பு என்று நினைத்து ஒரு மேடம் சொட்டு மருந்து பெயர் எழுதிக் கொடுத்தார்கள்.

அவர் சர்ச்சில் கொயருக்கு பேஸ் கிட்டார் வாசிப்பார். ஒரு கிறிஸ்துமஸுக்கு வரச் சொல்லியிருந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நற்கருணைப் பாட்டு நடுவில், ஒட்டடை மூன்றாவது பாட்டின் பேஸை அப்படியே கொஞ்சம் நுழைத்துவிட்டு நிமிர்ந்து என்னைத் தேடினார். கோயில் முழுக்க ஜனம். யாருக்கும் தெரியவில்லை. கொயர் மாஸ்டர் மட்டும் முறைத்தார்.

இன்று அவர் வீட்டில் நல்ல கூட்டம். அவர் மனைவியை முதல் முறையாகப் பார்க்கிறேன். கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எந்த ஸ்கூலு டீச்சர்?" என்று கேட்டார்கள்.

ஸ்கூல் பேரைச் சொன்னேன். பேப்பர் திருத்துகிற இடத்தில் பழக்கம் என்றேன். வேறு எப்படிச் சொல்வது...

அவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்து வந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பிளாஸ்டிக் சேரில் செத்த நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் அவர் மகளின் படிப்பைப் பற்றிப் பேசினார்கள். அவருக்கு மகள் இருப்பதே எனக்கு அங்கேதான் தெரியும்.

கொயர் பிள்ளைகள் பாடினார்கள். கீபோர்டு மட்டும்.

பஸ்ஸில் வரும்போது வாட்ஸ்அப்பைத் திறந்தேன். போன வாரம் அவர் அனுப்பியது கடைசியாக இருந்தது. பேண்டின் மூன்றாவது ஆல்பம் அடுத்த மாதம் வருகிறது என்ற செய்தி. கீழே, "டீச்சர், இந்தத் தடவ நீங்க மொதல்ல கேட்டுச் சொல்லுங்க. அப்பறம் நான் கேக்குறேன்."

கட்டைவிரல் ஒன்றைப் போட்டிருந்தேன். அவ்வளவுதான்.

அடுத்த மாதம் கேட்பேன் சார். நன்றாக இருந்தால் பரவாயில்லை, தனியாகக் கேட்டுக்கொள்வேன்.

பிடிக்காமல் போனால் யாரிடம் சொல்ல...

போய்ட்டு வாங்க சார்.