ஏதோ போகுது

எங்கள் தொழிலுக்குக் கேட்ட நிதி இல்லை என்று மின்னஞ்சல் வந்ததும் நான் செய்த முதல் வேலை, என் கூட்டாளியின் ஆங்கிலத்தை மனதுக்குள் திட்டியதுதான்.

அவள் கொழும்புக் கொட்டாஞ்சேனைக்காரி. ஆய்ந்த கீரை, வெட்டிய வாழைப்பூ, உரித்த சின்ன வெங்காயம் எல்லாம் வேலைக்குப் போகிறவர்களின் வீடு தேடிப் போகும். அதுதான் எங்கள் ஸ்டார்ட்அப். கத்தி பிடிப்பது அவள். வெள்ளவத்தையில் ஃபேனுக்குக் கீழே இருந்து செயலியைப் பார்ப்பது நான். நிதிக்கான நேர்முகத்தில் அவள் ஆங்கிலம் இரண்டொரு இடத்தில் திக்கியது. “என்னாலதாண்ணே போச்சு. நான் புடைவைக்கடை வேலைக்கே போறேன். வர்ற திங்கள் வரச் சொல்லியிருக்காங்க” என்று அழுதாள்.

“அழாதையும். ஏன் தரேல்லை எண்டு கேட்டுப் பாப்பம்” என்றேன்.

கேட்டேன், கேட்டேன், விடாமல் கேட்டேன். அடுத்த முறை திருத்திக்கொள்ளத்தான் பீட்பேக் கேட்கிறேன் என்று எழுதினேன். பச்சைப் பொய். பிழை அவளுடையது என்று வேறொருவர் வாயால் கேட்க வேண்டும் எனக்கு, அவ்வளவுதான். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

கடைசியில் அந்த நிதி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அழைத்தார். “இங்கிலீஷா? அதைப் பற்றி ஒருவரும் கதைக்கவே இல்லையே. பிசினஸ் எப்படிப் போகுது என்று நேர்முகத்தில் சேர் தமிழில் கேட்டாராம். ‘ஏதோ போகுது’ என்றீர்களாம். உங்களுக்கே நம்பிக்கை இல்லை என்று எழுதியிருக்கிறார்கள்.”

ஐயோ! எங்கள் வீட்டில் யாராவது நல்லாப் போகுது என்று சொல்லிக் கேட்டிருக்கிறோமா? கண்ணூறு பட்டுவிடும். பிள்ளை வகுப்பில் முதலாவதாக வந்தாலும் “ஏதோ படிக்கிறான்”. கடையில் சனம் நெரிந்தாலும் “ஏதோ போகுது”. வெட்டிக் கொடுக்கக் கை போதாமல் ஓர்டர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த நாட்களில்தான் அந்த மனிதரிடம் பணிவாகச் சிரித்து அப்படிச் சொல்லி வைத்தேன். தவளையும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

ஞாயிறு பின்னேரமே பஸ் பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். “பிழை என்ரதான். நீர் வேலைக்குப் போக வேண்டாம். திரும்ப விண்ணப்பிப்பம்.”

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் தேவலை.

“அப்ப என் இங்கிலீஷ் இல்லியா?” என்றாள்.

“இல்லை.”

பிறகு, “அன்னைக்கு நான் அந்த அழுகை அழுதேனே. உன் பிழை இல்லன்னு ஒரு வார்த்தை சொல்ல, அவங்க போன் வர்ற வரைக்கும் இருக்கணுமாண்ணே?” என்று கேட்டாள்.

உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தாள். திங்கட்கிழமை புடைவைக்கடைக்குப் போய்விட்டாள்.