இரண்டாம் பக்கத்து இருமல்

மொரிவாகி வீட்டு மாடியறையின் தரை தெற்குப் பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும். எல்லாம் இசைத்தட்டுகளின் கனம். அவர் மனைவி ஹிசாகோ தன் தையல் மெஷினையும் குளிர்கால மெத்தைகளையும் வடக்குச் சுவரோரம் நகர்த்தி வைத்திருந்தாள். "வீடு உங்க பக்கமா கவிழ்ந்துடாம நான் இந்தப் பக்கம் பிடிச்சுக்கிட்டிருக்கேன்" என்பாள். கோபே துறைமுகத்தில், கப்பல் கட்டும் தளத்தில் வரைபடம் போட்டவர் மொரிவாகி. எந்தக் கனம் எந்தப் பக்கம் சாய்க்கும் என்று கணக்குப் பார்த்தே சம்பளம் வாங்கியவர். அதனால் இந்தப் பேச்சு அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும்.

புதுத் தட்டு வாங்கினால் செய்தித்தாளில் வெங்காயத்தாளோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டு வருவார். ஹிசாகோ சமையலறையிலிருந்து தலையைத் திருப்பாமலே கேட்பாள்: "இந்த வருஷம் வெங்காயத்தாளெல்லாம் சதுரமா விளையுது போல?"

ஜாஸ் தட்டு எதுவானாலும் அவருக்கு இரண்டு வேண்டும். ஒன்று கேட்பதற்கு. இன்னொன்று கேட்காமல் வைத்திருப்பதற்கு. உறையைச் சுற்றிய காகிதப் பட்டைகூடக் கசங்காமல்.

"கேக்காத தட்டு எதுக்குங்க?"

"கேக்கிற தட்டு தேஞ்சு போச்சுன்னா?"

"அப்ப இதை எடுத்துக் கேட்டா இதுவும் தேயுமே."

அடுத்த வாரம் மூன்றாவதாக ஒன்று வாங்கினார்.

கோபேயைப் பூகம்பம் உலுக்கிய அன்று விடியற்காலையில் அவர் முதலில் கத்தியது "ஹிசாகோ!" என்றுதான். "அலமாரி!" என்றுதான் தன் காதில் விழுந்தது என்று ஹிசாகோ கடைசிவரை சாதித்தாள். நீங்கள் யாரை நம்பியிருந்தாலும் அவள் தேநீர் ஊற்றிக் கொடுத்திருப்பாள்.

அவ்வளவு தட்டுகளிலும் ஒன்றுக்குத் தனி மரியாதை. கல்யாணம் நிச்சயமாகியிருந்த வருஷம் ஓட்டிஸ் பார்லோ என்ற அமெரிக்கப் பியானோக்காரர் தம் குழுவோடு வந்து வாசித்ததை அரங்கத்திலேயே பதிவுசெய்த தட்டு அது. மொரிவாகி ஹிசாகோவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். இரண்டாம் பாதியில் பியானோ ஓய்ந்து, டிரம்ஸ் ஓய்ந்து, ஆளுயர டபுள் பேஸ் மட்டும் தனியாக நடந்துகொண்டிருந்தது. அரங்கமே மூச்சைப் பிடித்திருந்தபோது ஹிசாகோ இருமினாள். சின்ன இருமல்தான், ஆனால் குடத்துக்குள் கல் விழுந்த மாதிரி கேட்டது. பேஸ்காரர் ஒரு கணம் நிறுத்தினார். பிறகு அதே இருமலைத் தம் தடித்த தந்தியில் இரண்டு சுரமாக வாசித்துக் காட்டினார். அரங்கம் சிரித்தது. அவர்களுக்கு முன் வரிசையிலிருந்த இளைஞன் ஒருவன் மட்டும் சிரிக்காமல் திரும்பி முறைத்தான். கைக்குட்டைக்குள் முகத்தைப் புதைத்த ஹிசாகோவை மறைத்தாற்போல் மொரிவாகி முன்னே சாய்ந்து, "மன்னிக்கணும், நான்தான்" என்று தலை குனிந்தார்.

அந்த இளைஞன் பெயர் ஹமாகுச்சி. வாழ்நாள் முழுக்க நீடித்த சண்டை அப்படித்தான் தொடங்கியது. அதை நட்பு என்றும் சொல்லலாம்.

தட்டு வெளிவந்தபோது இரண்டாம் பக்கத்தில் அந்த இருமல் அட்சரசுத்தமாக இருந்தது. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, வெக்கத்துல செத்துடுவேன்" என்றாள் ஹிசாகோ. மொரிவாகி சொல்லவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம், அது தம்முடைய இருமல் என்று ஊரெல்லாம் பெருமையடித்தார். "நான் பார்லோவோட சேர்ந்து பதிவு பண்ணியிருக்கேன்" என்பார். "என் இருமலைத் திருடின மனுஷன்" என்று அவள் சிரிப்பாள். அவர் மாடியில் அந்தப் பக்கத்தைப் போடும்போதெல்லாம், கீழே முட்டைச் சுருள் பொரித்துக்கொண்டிருப்பவள் அந்த இடம் வந்ததும் சரியாக ஒரு தடவை இருமுவாள்.

போன வசந்தத்தில் ஹிசாகோ இறந்துபோனாள். எங்கெங்கோ யார் யாரோ வாசித்ததையெல்லாம் வாங்கி அடுக்கியவர், மனைவியின் குரலைத் தேடி வீடு முழுக்கப் பார்த்தார். ஒரு சொல்கூட இல்லை. வீட்டு டெலிபோனில் ஆள் இல்லாதபோது பேசும் குரல்கூட அவருடையதுதான். மிஞ்சியிருந்தது அந்த இருமல்.

கண்ணில் படுகிற இடத்திலெல்லாம் அந்தத் தட்டின் பழைய பிரதிகளை வாங்கத் தொடங்கினார். கிழவனுக்குத் தன் இருமல்மேலேயே காதல் முற்றிவிட்டது என்று நண்பர்கள் சிரித்தார்கள். அவரும் கூடவே சிரித்தார்.

அந்த நண்பர்கள் கூடும் இடம் 'நீலக் கதவு' என்ற காப்பிக் கடை. ஒரு காப்பி வாங்கிக்கொண்டு ஜாஸ் கேட்கலாம், பேசக் கூடாது. எந்தத் தட்டு வேண்டுமென்று சீட்டில் எழுதி மாஸ்டரிடம் நீட்டவேண்டும். ஓடும் தட்டின் உறை கல்லாவின் மேல் நிற்கும். பேசவேண்டுமென்றால் வெளியே மாடிப்படிக்குப் போகவேண்டும், இருமவும் அங்கேதான். இந்தச் சட்டத்துக்கு மாஸ்டரைவிடக் கண்டிப்பான காவல்காரர் ஹமாகுச்சி. காப்பியிலிருந்த ஐஸ்கட்டியைக் கடித்த குற்றத்துக்காக ஒரு பல் டாக்டரையே பார்வையால் எழுப்பி அனுப்பியவர்.

இலையுதிர்காலத்தில் அந்தப் படிக்கட்டில்தான் நிஷியோ என்ற பெண் வந்து நின்றாள். டோக்கியோ இசைத்தட்டு நிறுவனத்தின் ஒலிப்பொறியாளர்.

"பார்லோ கச்சேரியோட மூல டேப்புல பூஞ்சை பிடிச்சுப் போச்சு. நல்ல பிரதி ஒண்ணுலேருந்து எடுத்து, சுத்தம் பண்ணிப் புதுசாப் போடப்போறோம். ஹமாகுச்சி-சான் அவரோட தட்டைக் குடுத்துட்டார்."

"சுத்தம்னா?"

"கீறல், இரைச்சல், அப்புறம் அந்த இருமல். அதை எடுக்கணும்கிறதுதான் அவரோட ஒரே நிபந்தனை."

மொரிவாகி கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "என்கிட்ட ஊசியே படாத பிரதி இருக்கும்மா. தர்றேன். இருமல் மட்டும் இருக்கட்டும்."

"மன்னிக்கணும். 'அப்பழுக்கில்லாத ஒலி'ன்னு பட்டையெல்லாம் அச்சடிச்சாச்சு."

ஹமாகுச்சி மேல்படியிலிருந்து குரல் கொடுத்தார். "இத்தனை வருஷமா உன் தொண்டை அந்த பேஸ் மேல உக்காந்திருக்குய்யா. இனிமேலாவது நாங்க சங்கீதத்தைக் கேக்கறோம்."

யாருடைய இருமல் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் ஹிசாகோவுக்குக் கொடுத்த வாக்கு தடுத்தது. இப்போது சொன்னால், அன்றைக்குத் தம் மேல் வாங்கிக்கொண்ட அந்த முறைப்பை அவள் பக்கமே திருப்பிவிடுவது போலவும் இருந்தது. புதுத் தட்டு வந்துவிட்டால் எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள். பழையவை அலமாரிகளில் ஒடுங்கிவிடும். ஹிசாகோ அன்று அந்த அரங்கத்தில் இருந்தாள் என்பதற்கே சாட்சி இருக்காது.

டிசம்பரில் ஒரு மதியம் நிஷியோ மாதிரித் தட்டோடு 'நீலக் கதவு'க்கு வந்தாள். மாஸ்டர் இரண்டாம் பக்கத்தைப் போட்டார். பேஸ் நடந்தது. கண்ணாடி துடைத்ததுபோல் சுத்தம். அந்த இடம் வந்தது. வெறும் மௌனம். பேஸ்காரர் காரணமில்லாமல் நின்றார். காரணமில்லாமல் இரண்டு தடித்த சுரம் வாசித்தார். அரங்கம் எதற்கென்று தெரியாமல் சிரித்தது. பைத்தியக்காரர்களின் கச்சேரி மாதிரி இருந்தது.

மொரிவாகி எழுந்து படிக்கட்டுக்குப் போனார். பின்னாலேயே ஹமாகுச்சி வந்தார், முகத்தில் குழப்பத்தோடு.

"என்னய்யா அது, அந்த ரெண்டு சுரம் நடுவுல அனாதையா நிக்குது?"

"பதில் சொல்றான்யா அவன். கேள்வியைத்தான் நீ வெட்டச் சொல்லிட்டே." மொரிவாகி ஒரு படி கீழே இறங்கி நின்றார். முகத்தைப் பார்க்காமல் சொல்ல அது வசதியாக இருந்தது. "அது நான் இல்லை. ஹிசாகோ."

"தெரியும்" என்றார் ஹமாகுச்சி. "திரும்பிப் பார்த்தவன் நான்தானே? கைக்குட்டை யார் வாயில இருந்ததுன்னு எனக்குக் கண்ணு இல்லையா?"

"தெரிஞ்சுமா வெட்டச் சொன்னே?"

"நீ 'என் இருமல், என் இருமல்'னு அலட்டி அலட்டி, அது அவங்களோடதுங்கிறதே எனக்கு மறந்துபோச்சுய்யா." தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "முட்டாள்."

யாரைச் சொன்னார் என்று மொரிவாகி கேட்கவில்லை.

உள்ளே திரும்பியதும் ஹமாகுச்சி சீட்டு எழுதி நீட்டினார்: அதே தட்டு, அதே பக்கம். மாஸ்டர் மறுபடி போட்டார். அந்த இடம் வந்தபோது, அத்தனை காலமாக அந்தக் கடைக்குள் ஒரு சத்தமும் போட்டிராத ஹமாகுச்சி, முதுகை நிமிர்த்திக்கொண்டு, ஓங்கி இருமினார். பேஸ் பதில் சொன்னது. அரங்கம் சிரித்தது. மாஸ்டர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். நிஷியோ வாயைப் பொத்திக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினாள். சிரிப்பதற்கும் அங்கேதான் போகவேண்டும்.

மொரிவாகி வெளியே வந்து அவளிடம் சொன்னார்: "கொஞ்சம் லேட். அவ தாளத்துக்கு ஒரு இழை முன்னாடி இருமினா."

"யாரு, மொரிவாகி-சான்?"

"என் மனைவி."

அன்னியர் ஒருவரிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. வெட்கத்தில் யாரும் செத்துவிடவில்லை.

நிஷியோ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "திரும்ப வெச்சிடலாம். ஆனா ஹமாகுச்சி-சான் தட்டுலேருந்து முடியாது. சரியா அந்த இடத்துல மட்டும் ஊசி விழுந்து விழுந்து ஒரே கீறல். எப்படின்னே புரியலை."

ஹமாகுச்சி சுவரைப் பார்த்தார். "இருமல் வந்தா ஊசியைத் தூக்கிடுவேன்" என்றார். "முடிஞ்சதும் வைப்பேன்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும்தான்."

அன்று சாயங்காலம் மொரிவாகி மாடியறையில் அந்தக் கேட்காத தட்டை எடுத்தார். பட்டை கசங்காமலிருந்தது. 'கேக்காத தட்டு எதுக்குங்க?' என்ற கேள்விக்கு ஒருவழியாகப் பதில் கிடைத்துவிட்டது. ஹிசாகோவின் படத்துக்கு முன் வைத்து ஊதுவத்தி ஏற்றினார். மறுநாள் அதை நிஷியோவிடம் கொடுத்தார். வெங்காயத்தாளோடு சுற்றாமல்.

புதுத் தட்டு வசந்தத்தில் வந்தது. ஹமாகுச்சி வாழ்நாளில் முதல் தடவையாக மொரிவாகி வீட்டு மாடி ஏறினார். கையில் ஊதுவத்திக் கட்டும் கடையில் வாங்கிய முட்டைச் சுருளும்.

"பட்டையைப் பாருய்யா, 'அப்பழுக்கில்லாத ஒலி'யாம். பச்சைப் பொய்."

"உக்காரு."

"தரை என்ன, இப்படிச் சாயுது?"

"வடக்குப் பக்கமாப் போய் உக்காரு. அங்கதான் ஆள் குறையுது."

ஹமாகுச்சி சொன்னபடியே தையல் மெஷினுக்குப் பக்கத்தில், ஒலிபெருக்கிகளைப் பார்த்து உட்கார்ந்தார். மொரிவாகி அவருக்கு ஒரு வரிசை பின்னால். பேஸ் தனியாக நடந்தது. பிறகு ஹிசாகோ இருமினாள், தாளத்துக்கு ஒரு இழை முன்னால்.

ஹமாகுச்சி மெதுவாகத் திரும்பி முறைத்தார்.

மொரிவாகி முன்னே சாய்ந்து தலை குனிந்தார். "மன்னிக்கணும்" என்றார். "என் வீட்டுக்காரி."