சீல் பிரித்த பெட்டி யாருக்கு வேண்டும்?

பாட்டு விற்கிற தொழிலில் ஒரு பெரிய பயம் உண்டு: வாங்க வந்தவர் காதுக்குள் பாட்டு போய்விட்டால், அப்புறம் அவர் எதற்குக் காசு கொடுப்பார் என்கிற பயம். கத்தரிக்காயை அழுத்திப் பார்க்கலாம், தேங்காயைத் தட்டிப் பார்க்கலாம், சேலையை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பார்க்கலாம். பாட்டை மட்டும் அட்டைப் படத்தைப் பார்த்தே வாங்கிவிட வேண்டும். நீங்களும் என்னை மாதிரி மேசைக்குப் பின்னால் கால் மரத்துப்போக நிற்கிறவர் என்றால், "உள்ள எப்படி இருக்குதுங்க?" என்று கேட்கிறவர் முன்னால் முழித்துக்கொண்டு நின்றிருப்பீர்கள்.

நான் எட்டாவது வரை படித்தவள். பீளமேட்டில் ஒரு மில்லில், நூலைக் கோனில் சுற்றுகிற பிரிவில் இருந்தேன். மில் மூடிய பிறகு பக்கத்திலேயே இந்தக் கடையில் சேர்ந்தேன். கேசட் போய், சீடி போய், இப்போது மறுபடியும் பெரிய இசைத்தட்டு வந்திருக்கிறது. மகன் சென்னையில், மகள் திருப்பூரில். "இந்த வயசுல எதுக்கும்மா கடையில நின்னுக்கிட்டு? ஊட்டுல செபம் பண்ணிட்டு இருங்க" என்பான் மகன். நின்றுகொண்டே சொல்கிற செபமாலையை மாதா வேண்டாம் என்று சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

பிளேடு

பொங்கல் முடிந்து கடைக்கு ஆறு பெட்டிகள் வந்தன. ஒரே இசையமைப்பாளரின் பழைய படப் பாட்டுகள், பெட்டிக்கு ஆறு தட்டு, கூட ஒரு புத்தகம். யார் அவர் என்று சொல்ல மாட்டேன்; சொன்னால் உங்களில் பாதிப் பேர் அவர் கட்சி, பாதிப் பேர் எதிர்க்கட்சி ஆகிவிடுவீர்கள். விலை என் சம்பளத்தில் பாதிக்கு மேல். கண்ணாடித்தாள் சுற்றி, சீல் வைத்திருந்தது.

சூலூரிலிருந்து ஒரு பெரியவர், விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், இரண்டு சனிக்கிழமை வந்து பெட்டியைத் தூக்கிப் பார்த்து, திருப்பிப் பார்த்து, வைத்துவிட்டுப் போனார். மூன்றாவது சனிக்கிழமை வாய் திறந்தார். "அம்மணி, உள்ள எப்படி இருக்குதுங்க? பழைய சத்தமா, புதுசா மெருகு போட்ட சத்தமா?" தெரியாதுங்க என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. பார்சல் பிரிக்கிற பிளேடு கையிலேயே இருந்தது. சிலுவை போட்டுக்கொண்டு ஒரே இழுப்பு.

முதலாளி என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், நல்ல மனுஷன்தான். ஆனால் கண்ணாடித்தாள் கிழிகிற சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து அவர் ஓடி வந்த வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "பிரிச்சுப்போட்டீங்களே அக்கா! பிரிச்சதை யாருங்க வாங்குவாங்க?" என்றார். "கேக்காம யாருங்க வாங்குவாங்க தம்பி?" என்றேன். அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கிழிந்த தாளைப் பொறுக்கிச் சுருட்டினார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "சரிங்க அக்கா. சித்திரை ஒண்ணு வரைக்கும் பாப்போம். இது வித்தா காசு கடைக்கு. விக்காட்டிப் பெட்டி உங்களுக்கு, சம்பளத்துல புடிச்சுக்கறேன்."

கிரைண்டர் விலை

அவிநாசியிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். அவருக்குப் பெட்டி மேல் ஆசை. அந்த அம்மாவுக்கு விலைச் சீட்டின் மேல் கண். "ஏனுங்க, இந்தக் காசுக்கு ஒரு சாய்க்கிற கிரைண்டர் வருமுங்க. மாவை வழிச்சு எடுக்கறதுக்குள்ள என் இடுப்பு ஒடியுது, உங்களுக்குப் பாட்டு கேக்குதாக்கும்" என்று கடை நடுவிலேயே ஆரம்பித்துவிட்டார். புருஷன் அசட்டுச் சிரிப்புச் சிரித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இந்த மாதிரி சண்டையில் நாம் யார் பக்கமும் சாயக் கூடாது, உங்களுக்கே தெரியும்.

நான் ஹெட்ஃபோனை எடுத்து அந்த அம்மா தலையில் மாட்டிவிட்டேன். பிரித்த பெட்டியிலிருந்து இரண்டாவது தட்டைப் போட்டேன். ஒரு பாட்டு முடிந்தது. "போதுமுங்களா?" என்று கையைக் காட்டினேன். அவர் பேசாமல் இருக்கச் சொல்லி என் கையைத் தட்டிவிட்டார். பக்கம் முழுக்க ஓடியது. புருஷன் வாசலில் போய் நின்று மூன்று தடவை மணி பார்த்தார். கடைசியில் ஹெட்ஃபோனைக் கழற்றி, கலைந்த தலையை ஒதுக்கிக்கொண்டு அந்த அம்மா சொன்னார்: "பழைய கிரைண்டரு இன்னும் நல்லாத்தான் ஓடுது போங்க. அக்கா, இதையே ஒண்ணு குடுங்க. இதில்லீங்க, சீல் வெச்சது."

காணாமல் போன புல்லாங்குழல்

மில்லில் அத்தனை கோன் சுற்றுகிற இரைச்சலிலும் எந்த இடத்தில் ஒன்று தட்டுகிறது என்று காது சொல்லிவிடும். அந்தக் காது இன்னும் போகவில்லை. மூன்றாவது தட்டில் ஒரு பாட்டு. எங்கள் கேன்டீன் ரேடியோவில் தினமும் கேட்டது. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் புல்லாங்குழல் வரும், தனியாக. பெட்டியில் அதைக் காணோம். முதல் சரணம் முடிந்ததும் நேராக இரண்டாவது சரணம் வந்துவிட்டது. நாலு தடவை போட்டுப் பார்த்தேன். இல்லை.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் சொல்லிவிடுவேன்: "மூணாவது தட்டுல புல்லாங்குழல் இல்லீங்க. ஆறாவதுல பாட்டே இல்லீங்க, படத்துக்குப் பின்னால ஓடற வெறும் மியூசிக்." முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, கேக்காததை எதுக்குங்க சொல்றீங்க?" என்றார். "நானே வாங்கினா எனக்கு ஒருத்தர் சொல்லோணும்ல தம்பி" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கி, மரியாதைக்குக் காதைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

பிரித்த அன்றைக்கு ஒரு தட்டை மட்டும் கேட்டுவிட்டு, யோசிக்கறேனுங்க என்று போயிருந்த சூலூர்ப் பெரியவரிடமும் சொன்னேன். அவர் நம்பவில்லை. அடுத்த வாரம் ஒரு பழைய கேசட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். கடையிலிருந்த பழைய டேப்பில் கேசட்டையும், பெட்டியிலிருந்து தட்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டோம். கைக்கடிகாரத்தை வைத்து அளந்தார். பதினோரு விநாடி. தட்டை வெளிச்சத்தில் தூக்கி, அந்தப் பதினோரு விநாடி எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பது போலப் பார்த்தார். பிறகு சொன்னார்: "குறையைச் சொல்லி விக்கறவங்களை இன்னைக்குத்தான் பாக்கறனுங்க அம்மணி. ஒண்ணு எடுங்க. பதினோரு விநாடிக்கு நானே விசிலடிச்சுக்கறேன். அது வேண்டாமுங்க, சீல் வெச்சது."

தவக்காலம்

எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவில் ரீட்டாக்கா முன்வரிசை. ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களில் ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்து படியிறங்கும்போது என்னைப் பிடித்தார். "தவக்காலத்துல காதல் பாட்டைக் காதுல மாட்டி விடறியாமே? பங்குல எல்லாரும் பேசறாங்க." எனக்குக் கோபம் வந்தது. வந்தால் என் குரல் இன்னும் தணிந்துபோகும், அதுதான் என் சுபாவம். "அக்கா, கால் கிலோவை அரைக் கிலோன்னு நிறுத்தா பாவம். பொய் சொல்லி வித்தாப் பாவம். நான் கேட்டுட்டு வாங்குங்கன்னு சொல்றேன். இது எந்தப் பாவத்துலங்க சேரும்?" என்றேன். ரீட்டாக்கா குடையை விரித்துக்கொண்டு போனார்.

செவ்வாய்க்கிழமை கடையில் வந்து நின்றார். என்னதான் மாட்டிவிடுகிறேன் என்று பார்க்க வந்தாராம். மாட்டிவிட்டேன். முதல் பாட்டில் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். இரண்டாவது பாட்டில், பின்னால் பெண்கள் கூட்டமாகப் பாடுகிற இடம் வந்தது. ரீட்டாக்கா கண்ணை மூடி, அந்தக் கூட்டத்துக்குக் கீழ்க்குரலில் பாடவே ஆரம்பித்துவிட்டார். காதில் ஹெட்ஃபோன் இருந்ததால், கடை முழுக்கக் கேட்டது அவருக்குத் தெரியவில்லை. கழற்றியதும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு என் காதருகில் சொன்னார்: "ஈஸ்டர் முடியட்டும். அதுவரைக்கும் சீல் வெச்சதுல ஒண்ணை எடுத்து ஒளிச்சு வெய்யி."

எல்லாம் ஃபோனில் இருக்கிறது

பக்கத்து ஐ.டி. ஆபீஸிலிருந்து ஒரு பெண், கழுத்தில் அடையாள அட்டையோடு வந்தாள். பெட்டியைப் பார்த்து, "இதெல்லாம் ஃபோன்லயே இருக்குதே ஆன்ட்டி, எதுக்கு வாங்கணும்?" என்றாள். யோசித்துப் பார்த்தேன், அவளுக்கு எதற்கு என்று எனக்கும் தெரியவில்லை. "வேண்டாம் கண்ணு. அதுல கேட்டுக்கோ" என்றேன்.

அவள் போகவில்லை. "அப்ப வாங்கறவங்க எதுக்கு வாங்கறாங்க?" என்றாள். "ஃபோனைக் காதுல வெச்சுக்கிட்டு நீ பஸ் ஏறலாம், வேலை பாக்கலாம், சண்டை கூடப் போடலாம். தட்டைப் போட்டா அதுக்கு முன்னால உக்காரோணும். இருபது நிமிசத்துல பக்கம் திருப்ப எந்திரிக்கோணும். அந்த இருபது நிமிசம் உன்னை யாரும் ஒரு வேலையும் ஏவ முடியாது. அது வேணுங்கறவங்க வாங்கறாங்க. புல்லாங்குழல் ஒண்ணு குறையுது, அதையும் சொல்லிப்போடறேன்." உள்ளறையில் முதலாளி இருமினார். அந்தப் பெண் அவர் இருமிய பக்கம் பார்த்துவிட்டு, என்னையும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஆன்ட்டி, உங்களை எப்படி சேல்ஸ்ல வெச்சிருக்காங்க?"

ஆறாவது தட்டு

ஈஸ்டர் மறுநாள் ரீட்டாக்கா தன் பெட்டியை எடுத்துப் போனார். மற்ற இரண்டும் அதே மாதிரிதான். கேட்பது என் பெட்டியில், வாங்குவது சீல் வைத்ததை. ஐந்தும் போயிற்று. சித்திரை ஒன்றுக்கு நான்கு நாள் இருந்தது. பிரித்த பெட்டி மட்டும் மேசை மேல் உட்கார்ந்திருந்தது. மகளிடம் ஃபோனில் சொன்னேன். "உங்களை யாரும்மா பிளேடு எடுக்கச் சொன்னது?" என்றாள். யாரும் சொல்லவில்லைதான்.

மத்தியானம் முதலாளி சாப்பிடப் போயிருந்தார். இத்தனை பேருக்கு வாங்கலாமா வேண்டாமா என்று கேட்கக் கொடுத்தவள், எனக்கு வாங்கலாமா என்று நான் கேட்டுப் பார்க்க வேண்டாமா? வாடிக்கையாளர் ஸ்டூலில் போய் உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டினேன். ஐந்து தட்டும் மனப்பாடம். ஆறாவதை மட்டும் ஒருத்தர்கூடப் போடச் சொன்னதில்லை. நானும் போட்டதில்லை.

முதல் பக்கம் ஓடியது. இரண்டாவது பக்கத்தில், அந்தக் கேன்டீன் பாட்டு வருகிற அதே படத்தின் பின்னணி இசை. படத்தில் ஒருத்தி பஸ்ஸுக்குக் காத்து நிற்பாள், வசனமே கிடையாது. மில் காலத்தில் தோழிகளோடு பார்த்தபோது அந்த இடத்தில்தான் நாங்கள் முறுக்கைப் பிரித்துத் தின்றோம். இப்போது முறுக்கு இல்லை. அந்த இடத்தில் புல்லாங்குழல் வந்தது. அதே புல்லாங்குழல்தான். பதினோரு விநாடி இல்லை, மூன்று நிமிஷத்துக்கும் மேலே, அவசரமே இல்லாமல், தனியாக. பஸ் வருவது போலவும் வராதது போலவும். என் கை தானாகவே செபமாலையைத் தேடியது. கேட்டதெல்லாம் போதாது என்று ஊசியைத் தூக்கி மறுபடியும் வைத்தேன்.

பிறகுதான் உறைத்தது. சீலைப் பிரித்தவள் நான். கேட்காமலே வெறும் மியூசிக் என்று தீர்ப்புச் சொன்னவளும் நான். ஐந்து பேருக்கும் ஃபோன் போட்டு, என் தப்புதான், ஆறாவது தட்டில் இருக்கிறது, போட்டுக் கேளுங்கள் என்றேன். சூலூர்ப் பெரியவர் மெதுவாகச் சொன்னார்: "அம்மணி, தப்பா நெனைக்காதீங்க. நான் இன்னும் சீலே பிரிக்கலீங்க. மனசு வரல."

பில்லும் பையும்

சித்திரை ஒன்றுக்கு முந்தின நாள் அந்த ஐ.டி. பெண் மறுபடி வந்தாள். "அந்த இருபது நிமிஷம் எனக்கு வேணும் ஆன்ட்டி. பெட்டி இருக்கா?" என்றாள். முதலாளி முந்திக்கொண்டு, "பிரிச்சது ஒண்ணுதானுங்க இருக்குது" என்றார். "பரவால்லங்க, பாட்டு தேஞ்சா போச்சு? அதையே குடுங்க" என்றாள். முதலாளி முகம் மலர்ந்துவிட்டது. என் சம்பளம் தப்பித்தது என்று எனக்காகத்தான் மலர்ந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

"அது வித்துப்போச்சு கண்ணு. உனக்கு அடுத்த லோடுல வரும்" என்றேன். "யாருக்குங்க வித்தீங்க?" என்றார் முதலாளி. "எனக்குத்தானுங்க." அவருக்குப் புரியவில்லை. "தப்பிச்சு வந்தவங்க எதுக்குங்க அக்கா திரும்பப் போய் மாட்டறீங்க? சரி, சம்பளத்துல ரெண்டு மூணு மாசமாப் பிரிச்சுப் புடிச்சுக்கறேன்" என்றார். "புடிக்காதீங்க தம்பி. புடிச்சா அது அபராதம். நான் கேட்டேன், புடிச்சிருக்குது, வாங்கறேன். பில்லு போடுங்க. பை ஒண்ணு குடுங்க" என்று சொல்லி, ஈஸ்டருக்குச் சேலை எடுக்க மகன் அனுப்பிய பணத்தோடு என் கைப்பணத்தையும் சேர்த்து மேசை மேல் வைத்தேன். அவர் பில் எழுதினார். பாதியில் நிறுத்தி, "ஊட்டுல ப்ளேயர் இருக்குதுங்களா?" என்றார். "இல்லீங்க. மத்தியானம் சோத்து நேரத்துல கடையிலயே கேட்டுக்கறேன்" என்றேன். அந்த ஸ்டூல் அந்த அரை மணி நேரம் இப்போது எனக்குத்தான்.

அடுத்த வாரம் புதிதாக ஆறு பெட்டிகள் வந்தன. முதலாளி தானே பார்சலைப் பிரித்து, ஆறையும் வரிசையாக என் முன்னால் வைத்தார். பிளேடைத் துடைத்துப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்: "இதுல எதைப் பிரிக்கறதுங்க அக்கா?"

இத்தனை பேர் வந்து கேட்டுவிட்டுப் போன கடையில், கேட்ட பெட்டியையே காசு கொடுத்து வாங்கிக்கொண்டவள் நான் ஒருத்திதான்.