மாதாவிடமிருந்து திரும்பி வந்த பூட்ஸ்

பதினேழு வருடம் பந்து ஆடியும் சில்வியா எதிரணியின் வலைக்குள் ஒரு பந்தைக்கூட அடித்ததில்லை. செய்தித்தாளில் அவள் பெயர் ஒரே ஒரு முறை வந்தது. அதுவும், காப்பாற்றப் போன பந்தைத் தவறுதலாகத் தன் அணியின் கோலுக்குள்ளேயே தட்டிவிட்டதற்காக. அந்தத் துண்டைக் கத்தரித்துச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியவன் அவள் கணவன் ஜெரி.

"பேரு வந்துச்சா இல்லியா? அத்த மட்டும் பாரு" என்பான்.

சில்வியா ஸ்டாப்பர். கோல்கீப்பருக்கு முன்னால் நிற்கும் கடைசி ஆள். ஸ்டாப்பர் ஒழுங்காக ஆடினால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததைப் பார்க்க யார் டிக்கெட் எடுப்பார்கள்?

அவள் ஆட்டம் கற்றது ராயபுரத்தில், ஒரு பக்கம் ரயில்வே மதிலும் இன்னொரு பக்கம் திறந்த சாக்கடையும் ஓடும் சந்தில். அங்கே ஒரு சட்டம் இருந்தது. பந்தைச் சாக்கடையில் விட்டவர்தான் உள்ளே இறங்கி எடுத்து, குழாயடியில் கழுவித் தரவேண்டும். அதனால் பந்தோடு வருகிறவர்கள் எல்லோரும் மதிலை ஒட்டியே வருவார்கள். ஒரே பெண் என்பதால் பின்னால் நிறுத்தப்பட்ட சில்வியா இதைக் கவனித்துவிட்டாள். பாய்ந்து காலை இடறிப் பந்தைப் பிடுங்க வேண்டிய அவசியமே இல்லை. மதில் பக்கம் போய் நின்று வழியை அடைத்தால் போதும். வருகிறவன் சாக்கடைப் பக்கம் ஒதுங்குவான். ஒதுங்கியதும் அவனுக்கு பயம் வரும். பயம் வந்ததும் பந்து காலைவிட்டு ஓர் அடி விலகும். அந்த ஓர் அடியில் அவள் எடுத்துக்கொள்வாள்.

பள்ளி அணி, மாவட்ட அணி, பதினாறு வயதில் மாநில அணி, பிறகு வடசென்னையில் ஒரு மகளிர் கிளப் என்று பெரிய மைதானங்களுக்குப் போன பிறகும் அவள் ஆட்டம் அந்தச் சந்து ஆட்டம்தான். வெள்ளைக் கோடு அவளுக்குச் சாக்கடை. இத்தனை வருடங்களில் நடுவர் அவளுக்கு அட்டை காட்டியது அபூர்வம். பயிற்சியாளர்கள் முதலில் அவளைச் சோம்பேறி என்று நினைப்பார்கள். பிறகு அவளை எடுத்துவிட்டு வேறு ஆளை நிறுத்திப் பார்ப்பார்கள். அடுத்த ஆட்டத்தில் திரும்பக் கூப்பிட்டுவிடுவார்கள்.

ஜெரியின் அக்கா ஆலிஸுக்கு இதெல்லாம் தெரியாது. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். வண்ணாரப்பேட்டையில் ஒரு ரெடிமேட் கடையின் மாடியில் தையல் வேலை. ஜெரி கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான். திருவொற்றியூர் சாலையில் துறைமுகத்துக்கு வரிசை நின்றால் எப்போது வீடு வருவான் என்று அவனுக்கே தெரியாது. ஆகவே வீடு என்பது ஆலிஸும் சில்வியாவும்தான். தம்பி பெண்டாட்டி அரை டிராயர் போட்டுக்கொண்டு ஓடுவதை ஆலிஸ் தடுத்ததில்லை, பார்க்கப் போனதுமில்லை. "அவ ஆடறா, நான் இன்னாத்துக்கு வெயில்ல நிக்கணும்?"

போன வருடம் சில்வியாவுக்குப் பிரசவம் கஷ்டமானது. குழந்தை கால் கீழாக இருந்தது. அறுவை சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோனவர்கள் வெகுநேரம் வெளியே வரவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆலிஸ் அப்போது மாதாவிடம் ஒரு பொருத்தனை செய்தாள். தாயும் பிள்ளையும் பிழைத்து வந்தால் சில்வியா இனிமேல் பந்தைத் தொடமாட்டாள். அவளுடைய பூட்ஸை உன் காலடியில் கொண்டுவந்து வைக்கிறேன்.

தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. கரோலின் என்று பெயர் வைத்தார்கள். ஆலிஸ் பொருத்தனையைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளை பெற்றவள் தானாகவே விட்டுவிடுவாள், அப்புறம் மெதுவாகக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

கரோலினுக்கு ஐந்து மாதம் ஆனபோது சில்வியா விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் ஓட ஆரம்பித்தாள். முதல் நாள் மீன் ஏலக் கூடம்வரை போய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து திரும்பினாள். மறுநாளும் போனாள். கிளப்பின் பயிற்சியாளர் வினிதா ஒருநாள் போன் செய்தாள். சில்வியாவைவிட மூன்று வயது சின்னவள். ஒரு காலத்தில் அவளுக்குப் பக்கத்தில் நின்று ஆடியவள்.

"அக்கா, ஒன் எடத்துல இப்ப மகிழினி ஆடுது. வியாசர்பாடிப் பொண்ணு, பத்தொம்போது வயசு, குதிர மாதிரி ஓடுது. அத்த ஒக்கார வெக்க எனக்கு ஒரு காரணம் வேணும். இந்த ஞாயிறு வுட்டு அடுத்த ஞாயித்துக்கெயம எண்ணூர் டீமோட ஆட்டம் கீது. முழுசா நின்னு ஆடு. முடியலன்னா அந்த ஜெர்ஸி அதுக்குத்தான். லீக்குக்கு பேரு குட்த்துருவேன்."

"நிக்கறேன்" என்றாள் சில்வியா.

சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்த ஆலிஸுக்கு அது காதில் விழுந்தது. கொடுத்த வாக்கு பொய்யாகிறதே. மாதா கேட்டால் என்ன சொல்வது? இன்னும் தள்ளிப்போடக் கூடாது என்று, அந்தச் சனிக்கிழமையே கோயிலில் நவநாள் ஜெபத்துக்குப் போகும்போது பூட்ஸை ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். மாதா பீடத்தின் அடியில், தேங்காய்களுக்கும் மெழுகுவர்த்திக் கட்டுகளுக்கும் நடுவே வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

ஒன்றை மறந்துவிட்டாள். அவர்கள் கோயிலில் வெள்ளிக் கண்மலரும் தொட்டிலும் உண்டியலுக்குப் போகும். மற்றதெல்லாம், சேவலானாலும் பூசணிக்காயானாலும் முதல் வலையில் விழுந்த வஞ்சிரமானாலும், ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் ஏலம். நாற்பது வருடமாக அந்த ஏலத்தில் வாழைத்தார் எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறவள் ஆலிஸ். ஆனாலும் பூட்ஸ் ஏலத்துக்கு வரும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

ஏலம் விட்டவர் யேசுதாஸ். வாரத்தில் ஆறு நாள் காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர். ஏழாம் நாள் ஆண்டவருக்காகத் தொண்டை கிழிப்பார். சேவல் போயிற்று. பூசணி போயிற்று. அடுத்து அவர் கையில் வந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சாமி இது, மாதா பந்து ஆடப்போறாங்களா? சரி, வந்த காணிக்கைய நான் கேள்வி கேக்க முடியாது. பந்தாடற பூட்ஸு! தோலு கெட்டி, அடி தேயல, ஒரே ஆளு போட்டது! யாரு கேக்கறீங்க?"

கூட்டம் சிரித்தது. தோளில் குழந்தையோடு ஓரமாக நின்ற சில்வியா சிரிக்கவில்லை. இடது பூட்ஸில் கட்டியிருந்த நீல நாடா அவளுடையது. மெதுவாகத் திரும்பி ஆலிஸைப் பார்த்தாள். ஆலிஸ் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவ்வளவு போதும், சில்வியாவுக்குப் புரிந்துவிட்டது.

ஐஸ் வண்டி அலெக்ஸாண்டர், தன் மகளுக்கென்று ஒரு விலை கேட்டார். சில்வியா கையைத் தூக்கினாள். அவர் ஏற்றினார். அவளும் ஏற்றினாள். இன்னொருமுறை வாயைத் திறக்கப்போனவரின் முழங்கையில் அவர் மனைவி இடித்து, "யோவ், அது அந்தப் பொண்ணோடதுய்யா" என்றாள். அலெக்ஸாண்டர் வாயை மூடிக்கொண்டார்.

"ஒருதரம், ரெண்டுதரம்" என்ற யேசுதாஸ் மூன்றாம் தரம் சொல்லும்போது அவர் குரலில் கேலி இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வெடித்தது.

"எனக்குத் தெரியாம என் பொருள எடுத்துக்கினு போயி வெப்பீங்களா அண்ணி?"

"நீ செத்துப் போயிருப்படீ! ஆஸ்பத்திரில நின்னவ நானு. வாக்கு குட்த்துட்டேன்."

"நீங்க குட்த்தீங்க. மாதா வாங்கிக்கினாங்க. ஏலத்துல எனக்கே திருப்பி வுட்டுட்டாங்க. வேணான்னு நெனச்சிருந்தா அலெக்ஸாண்டர் அண்ணன் வாய அடைச்சிருப்பாங்களா?"

"அடைச்சது அவரு பொண்டாட்டிடீ."

"யாரு மூலமா அடைச்சா இன்னா?"

ஆலிஸ் சமாதானம் ஆகவில்லை. அந்த வாரம் முழுக்க இருவரும் குழந்தையின் வழியாகவே பேசிக்கொண்டார்கள். "ஒங்க அம்மாவ சாப்ட சொல்லு." "ஒங்க அத்தைய தூங்க சொல்லு."

ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு சிக்கல் வந்தது. ஜெரியின் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டது. குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும்தான். புட்டியைக் கண்டாலே துப்பிவிடும். இடைவேளையில் யாராவது குழந்தையை மைதானத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஆலிஸ் குடையையும் ஒரு பழைய புடவையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பசித்த பிள்ளைக்கு முன்னால் கோபம் எவ்வளவு நேரம் நிற்கும்?

டோல்கேட் பக்கத்து மைதானத்தில் புல் கிடையாது. ஆலிஸ் ஓர் ஆட்டோவின் நிழலில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாகத் தம்பி பெண்டாட்டி ஆடுவதைப் பார்த்தாள். மாற்று ஆட்களின் பெஞ்சில் மகிழினி உட்கார்ந்திருந்தாள்.

முதலில் ஏமாற்றமாக இருந்தது. எல்லோரும் ஓடினார்கள். சில்வியா ஓடவில்லை. இரண்டு அடி இந்தப் பக்கம், ஓர் அடி அந்தப் பக்கம் என்று நகர்ந்தாள். ஆனால் வாய் ஓயவில்லை. "லெப்ட்ல வராடீ, விடாத! மேல ஏறாத, ஏறாதன்றேன்ல!" வீட்டில் குழம்பு தாளிக்கும்போதுகூட இப்படிக் கத்தியதில்லை.

கொஞ்ச நேரத்தில் ஆலிஸ் ஒன்றைக் கண்டுகொண்டாள். அவள் போய் நின்ற இடத்துக்குத்தான் பந்து பிறகு வருகிறது. ஒருமுறை தற்செயல் என்று நினைத்தாள். மறுபடியும் வந்தது. மறுபடியும். எண்ணூர் அணியில் ஷாஸியா என்று ஒரு பெண். காற்றைப்போல வந்தாள், மூன்று பேரைத் தாண்டி வந்தாள். சில்வியா அவள்மேல் பாயவில்லை. ஒருக்களித்து நின்று, பின்வாங்கிப் பின்வாங்கி, அவளை ஓரக் கோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியைத் தெருமுனைவரை கொண்டுவிடுவதுபோல இருந்தது. கோட்டருகே ஷாஸியா தடுமாறினாள். பந்து சில்வியாவிடம் இருந்தது. எப்போது எடுத்தாள் என்று ஆலிஸ் பார்க்கவில்லை.

ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்து எழுந்த பெண்ணா இது?

இடைவேளையில் ஆட்டோவுக்குப் பின்னால் புடவையை மறைப்பாகப் பிடித்தாள். சில்வியா வியர்வையைத் துடைத்துவிட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். இன்னொரு கையில் வாழைப்பழம். முகம் வெளுத்திருந்தது.

"போதும்டீ. தையலு பிரிஞ்சிடப் போவுது."

"இனிமேதான் அண்ணி அந்தப் பொண்ணு வெறி புடிச்சி ஓடும். இப்ப வுட்டா அவ்ளோதான்." பழத்தோலை ஆலிஸிடம் கொடுத்தாள். "நீங்க வெயில்ல நிக்காதீங்க."

இரண்டாம் பாதியில் அவள் கால்கள் கனத்துவிட்டது ஆலிஸுக்கே தெரிந்தது. இரண்டு முறை குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். வினிதா பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். மகிழினி எழுந்து நின்று இடத்திலேயே குதிக்க ஆரம்பித்தாள்.

ஆட்டம் முடியும் தறுவாயில் ஷாஸியா சில்வியாவைத் தாண்டிவிட்டாள். சுத்தமாகத் தாண்டிவிட்டாள். கோல்கீப்பர் முன்னால் ஓடி வந்தாள். அவளையும் சுற்றிக்கொண்டு ஷாஸியா போனாள். எதிரே காலியான கோல். மைதானம் முழுக்கக் கத்தியது. சில்வியா ஷாஸியாவைத் துரத்தவில்லை. துரத்தினால் எட்ட முடியாது என்று அவளுக்குத் தெரியும். அவள் வேறெங்கோ ஓடுவதுபோல நேராகக் கோல் கம்பங்களுக்கு நடுவே ஓடி, கோட்டின்மேல் திரும்பி நின்றாள். ஷாஸியா அடித்த பந்து அவள் வயிற்றில் மோதியது.

அந்தச் சத்தம் ஆட்டோவரை கேட்டது. ஆலிஸ் குழந்தையை இறுக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். வாயில் ஜெபம்கூட வரவில்லை.

சில்வியா ஒரு காலை ஊன்றி, இன்னொரு காலால் அந்தப் பந்தைச் சாலைவரை உதைத்து அனுப்பினாள். பிறகுதான் குனிந்தாள். நடுவர் கிட்டே வந்து ஏதோ கேட்டார். வேண்டாம் என்று கையசைத்தாள். நிமிர்ந்தாள். "இன்னாடீ பாத்துகினு நிக்கறீங்க, ஆளப் புடிங்க!" என்று கத்தினாள்.

விசில் ஊதியபோது பூஜ்யத்துக்குப் பூஜ்யம். யாரும் யாரையும் தோளில் தூக்கவில்லை. வேடிக்கை பார்த்தவர்கள் டீக்கடைக்குப் போனார்கள். ஆலிஸ் மட்டும் நகரவில்லை. இவ்வளவு பெரிய மைதானத்தில், இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் முட்டி மோதியும், ஒன்றுமே நடக்காமல் ஒருத்தி பார்த்துக்கொள்கிறாள். இது பதினேழு வருடமாக நடந்திருக்கிறது.

ஷாஸியா வந்து சில்வியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாக்கா நீ, செவுரா?" பிறகு பால் குடித்த மயக்கத்தில் தூங்கும் குழந்தையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். "ஒன் கொயந்தயா? ஐயோ, வயித்துலயா அடிச்சேன்!"

மகிழினி தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். முகம் வாடித்தான் இருந்தது. "அவ தாண்டினப்புறம் நீ ஏங்கா அவ பின்னாடி போவல?" என்று கேட்டாள்.

"அவ எங்க போறான்னுதான் தெரியுமே. நான் எதுக்கு சுத்திக்கினு போவணும்?"

வினிதா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வந்தாள். பாராட்டு எதுவும் சொல்லவில்லை. "செவ்வாக்கெயமலேர்ந்து நாலரைக்கு பிராக்டீஸு. தெனமும். மகிழினிய சைடுல போடறேன், நீ நடுவுல நில்லு. கொயந்தய யாரு பாத்துக்குவாங்க?"

சில்வியா தரையைப் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு தரைய பாக்கற?" என்றாள் ஆலிஸ். "நாலரைன்னா நான் மூணு மணிக்கு கடையிலேர்ந்து எறங்கணும். மாஸ்டராண்ட பேசிக்கறேன். மிச்சத் தையல வூட்டுக்கு எடுத்தாந்துருவேன்."

"அண்ணி, பொருத்தன..."

"அது எனக்கும் மாதாவுக்கும் உள்ளது. நான் பேசித் தீத்துக்கறேன், நீ நடுவுல வராத." ஆலிஸ் குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா ஒண்ணுடீ. இனிமே பந்த வயித்துல வாங்காத. ஆண்டவரு ரெண்டு காலு குட்த்து கீறாருல்ல?"

"காலு எட்டல அண்ணி" என்றாள் சில்வியா.