ஸ்ட்ராட்ஃபோர்டில் விட்டுவந்த ஐந்து கொப்பிகள்

லண்டன் பாடிங்டன் நிலையத்தில் காலை ஒன்பது பத்துக்கு ரயில் ஏறினோம். ஆகஸ்ட் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. இதுதான் கோடை என்று அந்த ஊர்க்காரர்கள் சொன்னார்கள். எனக்குப் பல் தந்தியடித்தது. ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு ஏறக்குறைய நூறு மைல். அன்றே போய் அன்றே திரும்பும் மூன்றாம் வகுப்பு டிக்கட் பதினோரு ஷில்லிங். இங்கிலாந்தின் பெயர்பெற்ற நாடகக்காரர் பிறந்ததும் அடக்கமானதும் அந்த ஊரில்தான். அவர் செத்து முந்நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது, ஆனால் அவர் பெயரைச் சொல்லி இன்றைக்கும் ஊரே சாப்பிடுகிறது.

நான் மாத்தளைக்கு மேலே, ரத்தோட்டைப் பாதையில் உள்ள ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தைத் தேயிலையாக்கும் வேலையைப் பார்க்கும் உதவி டீமேக்கர். அந்த வருடம் பேரரசின் நாடுகள் எல்லாம் லண்டனில் கடைவிரித்த கண்காட்சியில், இலங்கைக் கூடத்துக்கு வருகிறவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுக்க என்னைத் தலைப்பாகை கட்டி அனுப்பியிருந்தார்கள். கூட வந்தவர் சுலைமான் நானா. மாத்தளை நகரத்தில் ஏலக்காய், கறுவா வியாபாரி. கண்காட்சியில் எனக்குப் பக்கத்து மேசை. வாய்த்துடுக்கு அதிகம். மாதத்தில் ஒரு நாள்தான் எங்களுக்கு விடுமுறை. கடலைப் பார்க்கப் போகலாம் என்றார் அவர். நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன்.

என் மடியில் துணியில் கட்டிய ஐந்து கொப்பிகள் இருந்தன. என் மனைவி இராஜம்மாள் எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள்; மாத்தளை மிஷன் பள்ளியில் ஆங்கிலம் படித்தவள். அந்த நாடகக்காரரின் நாடகம் ஒன்றை ஆறு வருடமாக, பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு வகுப்பு மேசையிலேயே உட்கார்ந்து, தமிழில் எழுதி முடித்தாள்; அதைப் பார்த்து அவளே எடுத்த நகல்தான் இந்த ஐந்து கொப்பிகள். ஸ்ட்ராட்ஃபோர்டில் அவருடைய அன்பர்கள் ஒரு வாசகசாலை நடத்துகிறார்கள், உலகத்து மொழிபெயர்ப்புகளையெல்லாம் சேர்க்கிறார்கள் என்று பழைய பத்திரிகை ஒன்றில் படித்ததிலிருந்து அவளுக்கு ஒரே ஆசை. அதில் தமிழும் இருக்க வேண்டும். அதில் அவள் பெயர் இருக்க வேண்டும்.

புறப்படும் நாளில் இரண்டு காரியம் சொன்னாள். "ரசீது வாங்கிட்டு வாங்க. அப்புறம் அந்த ஊர் ஆத்தைப் பார்த்துட்டு வாங்க. ஒரு இடத்துல தண்ணி வருது. ஆறுன்னு எழுதுறதா, ஓடைன்னு எழுதுறதான்னு தெரியாம வெறுமனே விட்டு வச்சிருக்கேன். அவரு எந்தத் தண்ணியைப் பார்த்து வளந்தாருன்னு தெரியாம நான் எப்படிங்க எழுதுறது?"

மூன்றாவதாக ஒன்றைச் செய்தவன் நான். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையிடம் போய் அறிமுகச் சீட்டு ஒன்று கேட்டேன். இராஜம்மாள் அப்போதே சொன்னாள்: "எழுதினது நானு, குடுக்கப்போறது நீங்க. இதுல துரைக்கு என்னங்க வேலை?" தோட்டத்தில் பிறந்தவனுக்குத்தான் இது விளங்கும். என் தகப்பனார் காலத்தில் துரை கையெழுத்திட்ட துண்டு இல்லாமல் ஒருவன் தோட்டம் விட்டுத் தோட்டம் போக முடியாது. துண்டை ஒழித்தாகிவிட்டது என்று சட்டம் வந்தது. எங்கள் எலும்பில் இருப்பதை எந்தச் சட்டம் ஒழிக்கும்? சீட்டு இல்லாமல் ஒரு வெள்ளைக்காரர் வாசலில் நிற்க எனக்குக் கால் வராது.

துரைக்குத் தெரிந்த தமிழ் மொத்தம் இருபது சொல் இருக்கும். எல்லாம் ஏவல். 'எடு', 'போ', 'கொழுந்து', 'சும்மா நிக்காதே'. ஆனால் அன்றைக்கு நன்றாகச் சிரித்தார். இரண்டு நிமிடத்தில் எழுதி, உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்துக் கொடுத்தார். நான் பிரிக்கவில்லை. துரை இன்னொருவருக்கு எழுதியதைக் கொண்டுபோகிறவன் பிரிப்பதில்லை.

ரயிலில் எதிரே இருந்த விவசாயி ஒருவர், எந்த ஊர் என்று கேட்டார். இலங்கை என்றேன். "அப்படியானால் நல்ல தேநீர் போடுவீர்கள்" என்றார்.

நானா தமிழில் முணுமுணுத்தார்: "நம்ம நெத்தியில தேத்தண்ணின்னு எழுதியிருக்கு போல, தம்பி."

பகல் பன்னிரண்டுக்கு இறங்கினோம். சின்ன ஊர். கறுப்புச் சட்டமும் வெள்ளைச் சுவருமாக வீடுகள். சில உண்மையில் பழையவை, சிலவற்றில் புதுச் சுவரின் மேல் கறுப்புச் சாயத்தால் சட்டம் வரைந்திருந்தார்கள். நாடகக்காரரின் முகம் தட்டில், கரண்டியில், ஊசிப் பெட்டியில் எல்லாம் இருந்தது. பிறந்த வீட்டைப் பார்க்க ஆளுக்கு ஒரு ஷில்லிங். உத்தரம் தலையில் இடிக்கும் சிறிய மாடி அறை. நம் தோட்டத்தில் ஒரு குடும்பமே குடியிருக்கும் லயக் காம்பிராவைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அங்கே எனக்குப் பிடித்தது ஜன்னல்தான். பார்க்க வந்த பெரிய மனிதர்கள் தங்கள் பெயரைக் கண்ணாடியில் கீறி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அடுத்தவர் வீட்டு ஜன்னலைக் கீறியதற்கு யாரும் அவர்களைக் கோபிக்கவில்லை. காவல்காரர் பெருமையாக விரல் நீட்டிக் காட்டினார்.

ஒரு மணிக்குத் தேநீர்க் கடை. ஒரு கோப்பை நான்கு பென்ஸ். வாசலில் 'இலங்கைத் தேயிலை' என்று பலகை. வாயில் வைத்தேன், வெந்நீரைத் தேயிலைக்குத் தூரத்திலிருந்து காட்டியிருந்தார்கள். இதற்குத்தானா மலையில் இத்தனை பேர் அட்டைக்கடி படுகிறார்கள் என்று வயிறெரிந்தது.

இரண்டு மணிக்கு வாசகசாலை திறந்தது. ஆற்றுக்குப் போகும் சந்தில் கீழே தொப்பிக்கடை, மேலே வாசகசாலை. மேசையில் இருந்த அம்மையாருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எங்களைக் கண்டதும் எழுந்து கைகொடுத்தார். இலங்கையில் எந்த வெள்ளைக்காரியும் எனக்குக் கைகொடுத்ததில்லை. கட்டை அவிழ்த்தேன். முதல் கொப்பியைத் திறந்து, எழுத்துகளை விரலால் மெல்லத் தொட்டார்.

"எவ்வளவு அழகான எழுத்து! இது என்ன மொழி?"

"தமிழ், அம்மா."

"எங்களிடம் தமிழில் ஒன்றும் இல்லை. இதுதான் முதல். யார் மொழிபெயர்த்தது?"

இந்தக் கேள்விக்காகத்தான் இருபத்திரண்டு நாள் கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தேன். 'என் மனைவி'. இரண்டே சொல்தான். ஆனால் வாய் திறப்பதற்குள் கை சட்டைப்பைக்குள் போய்விட்டது. சீட்டைக் கொடு, அவர்கள் படிக்கட்டும், கேட்டால் மட்டும் பேசு. சிறுவயதிலிருந்து தெரிந்த ஒழுங்கு இதுதான். உறையை நீட்டினேன்.

அவர் படித்தார். முகத்தில் கோபம் இல்லை, இகழ்ச்சியும் இல்லை. ஆனால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த கண், கூடை சுமந்து வந்தவனைப் பார்க்கும் கண்ணாக மாறிவிட்டது. "மிக்க நன்றி, இவ்வளவு தூரம் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறாய்" என்றார். பெரிய பதிவேட்டைத் திறந்து எழுதினார். தலைகீழாக இருந்தாலும் எனக்குப் படிக்கத் தெரியும். மாத்தளைத் தோட்டத்துத் துரை இன்னாரின் அன்பளிப்பு. அவர் தம் பள்ளிக்கூடத்தில், தம் மேற்பார்வையில் செய்வித்த தமிழ் மொழிபெயர்ப்பு.

"அம்மா, இதை எழுதியது என் மனைவி" என்றேன். முதல் பக்கத்தில் 'மொழிபெயர்த்தவள் மா. இராஜம்மாள், மாத்தளை' என்று இருந்ததைத் தொட்டும் காட்டினேன்.

அவர் அன்பாகத்தான் சிரித்தார். "பார்த்து எழுதிக் கொடுத்தவளா? கையெழுத்து மிக நேர்த்தி. கனவான் அதைக் குறிப்பிடவில்லை. இந்த வாரமே அவருக்கு நன்றிக் கடிதம் எழுதுகிறேன். அவரிடம் கேட்டு, பதிவேட்டைத் திருத்தவும் செய்கிறேன், சரிதானே?"

அவரிடம் கேட்டு. என் மனைவியின் வேலை துரையின் பேனாவில். என் வேலையும், நாங்கள் குடியிருக்கும் வீடும் அதே பேனாவில். 'உங்கள் ஆள் நீங்கள் சொன்னதைப் பொய் என்கிறான்' என்று ஒரு கடிதம் தோட்டத்துக்குப் போனால், நான் கப்பலிலிருந்து இறங்குவதற்குள் அவள் சாமான்கள் பாதையில் கிடக்கும்.

"திருத்தம் ஒன்றும் இல்லை, அம்மா" என்றேன். அச்சடித்த ரசீதைக் கொடுத்தார். அதில் துரையின் பெயர் இருந்தது.

படியிறங்கியதும் நானா என் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் சத்தம் போட்டுப் பேசுகிறவர். அன்றைக்கு மெதுவாகக் கேட்டார்.

"அந்த அம்மா யார் எழுதினதுன்னு வாய்விட்டுக் கேட்டாங்களே, தம்பி. என்னத்துக்குச் சீட்டக் குடுத்தீங்க?"

"தெரியல, நானா."

"கடையில சரக்கு நம்ம சரக்கு. நாமளே இன்னொருத்தன் பேருல பில்லுப் போட்டுக் குடுத்துட்டு வாறமே. போய்த் திரும்ப வாங்குங்க கொப்பிய."

"வாங்கினா அதையும் துரைக்கு எழுதுவாங்க."

நானா என் கையை விட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. துரை திருடியது ஒரு பக்கம். திருட்டைக் கடல் தாண்டிச் சட்டைப்பையில் வைத்துக் காத்து, முத்திரை கலையாமல் ஒப்படைத்தவன் நான்.

நான்கு மணிக்கு ஆற்றங்கரைக்குப் போனோம். நாடகக்காரர் அடக்கமாகியிருக்கும் கிறிஸ்தவக் கோயில் அங்கேதான். உள்ளே போக ஆறு பென்ஸ். போகவில்லை. ஆற்றை மட்டும் பார்த்தேன். மாத்தளையில் மழைக்காலத்துச் சுது கங்கையைவிடக் கொஞ்சம் அகலம். பாறை இல்லை, சத்தம் இல்லை, குளிக்கிறவர்களும் இல்லை. அன்னங்கள் மட்டும் சொந்தக்காரர்களைப் போல மிதந்துகொண்டிருந்தன. ஐந்து இருபதுக்கு ரயில்.

நவம்பரில் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். எனக்கு முன்பே நன்றிக் கடிதம் தோட்டத்துக்கு வந்துவிட்டது. துரை அதைச் சட்டம் போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்தார். நான் ரசீதை இராஜம்மாளிடம் கொடுத்து, சீட்டைக் கொடுத்த கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ரசீதை இரண்டு தரம் படித்தாள்.

"துரைக்கு இவ்வளவு நல்லாத் தமிழ் வரும்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்றாள்.

ரசீதை மடித்துவிட்டு, "ஆறு எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டாள்.

சொன்னேன். வீட்டில் இருந்த பழைய கைப்பிரதியை எடுத்து, வெறுமையாக விட்டிருந்த இடத்தில் 'ஆறு' என்று எழுதி, மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்து, மூடி வைத்தாள். ஸ்ட்ராட்ஃபோர்டில் இருக்கும் பிரதியில் அந்த இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கும். ஒரு சொல் விடுபட்டிருக்கிறதே என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை. கேட்டாலும் துரையிடம்தான் கேட்பார்கள்.