வாய் திறக்காத மீனம்பாள்

மீனம்பாள் நாக்கை மடக்கி 'ட்ர்ர்ர்' என்று ஒரு குரல் கொடுத்தால் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்று மலையிலும் மேய்கிற ஆடெல்லாம் இறங்கி வந்துவிடும். சரி, மூன்று மலை என்பது கைச்சரக்கு. ஒரு மலைதான். அந்த ஒன்றுக்குச் சாட்சி உண்டு.

இப்போது அவள் வாயில் முந்தானை நுனி. அரிசி ஆலைக் களத்தில், ஆவி பறக்கும் நெல்லைக் காலால் அளைந்து காயவைக்கிறாள். இடுப்பில் ஒரு தகர டப்பா. ஆடு வந்தால் அதைத் தட்டுவாள். வாய் திறக்க மாட்டாள்.

இந்தக் களமே அவள் ஆடு மேய்த்த இடம்தான். செஞ்சிக்குக் கரண்ட் வந்த கையோடு ரோட்டோரத்து மேய்ச்சல் காட்டுக்கு வேலி விழுந்தது. ஒரு பக்கம் அரிசி ஆலை, மறுபக்கம் கடலை உடைக்கும் ஆலை. புல் போன பின் ஆடு எதற்கு? மந்தையை, மலையடியில் ஆடு மேய்க்கும் துரைக்கண்ணுவுக்கு விற்றுவிட்டுக் கூலிக்கு உள்ளே வந்தாள். விற்ற சேதியை ஆடுகளுக்கு யாரும் சொல்லவில்லை. அவள் விரட்டக் கத்தினாலும், கூப்பிடுகிறாள் என்றே வேலியை முட்டிக்கொண்டு ஓடி வந்தன.

மேனேஜர் தர்மநாதன் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாம்மா, வெரட்டச் சொன்னா விருந்துக்கு அழைக்கிற? இன்னொரு வாட்டி நெல்லுல வாய் வெச்சுதுன்னா நாளைலேர்ந்து வராத!"

புருஷன் படுத்த படுக்கை. உலை கொதிப்பது இவள் கூலியில்தான். அன்றிலிருந்து வந்தது இந்த முந்தானை.

மத்தியானம் கூழ் குடித்த மிச்சத்தை வேலியோரம் கவிழ்ப்பாள். கேட்டால், "எறும்புக்கு" என்பாள். கொம்பு வைத்த எறும்புகள் வந்து நக்கிவிட்டுப் போகும்.

போன வெள்ளிக்கிழமை ஆலை வாசலில் மதராஸ் லாரி வந்து நின்றது. துரைக்கண்ணு மந்தை முழுவதையும் கறிக்கு விற்றுவிட்டான். ஒவ்வொன்றாய்த் தூக்கி ஏற்றினார்கள். ஆலையின் கேட் திறந்துதான் கிடந்தது. ஒரு குரல் போதும், அத்தனையும் களத்துக்குள் பாய்ந்திருக்கும். பின்னாலேயே தர்மநாதனும் வந்திருப்பார். மீனம்பாளின் கன்னம் ஒட்டியது, நாக்கு மடங்கியது. முந்தானையை இறுகக் கடித்துக்கொண்டாள். கால் மட்டும் நெல்லில் கோடு இழுத்துக்கொண்டே போனது.

லாரியின் புழுதி அடங்கிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"பாத்தியா செல்லம்மா, ஒன்னுகூட என்னத் திரும்பிப் பாக்கல. மறந்துடுச்சுங்க. அதுவும் நல்லதுதான்."

பக்கத்தில் நெல் தள்ளிக்கொண்டிருந்த செல்லம்மாள் பலகையை நிறுத்தினாள்.

"ஏத்துற வரிக்கும் எல்லாம் ஒன்னத்தான் பாத்துக்கினு இருந்துச்சுக்கா. நீதான் குனிஞ்ச தலைய நிமிர்த்தல."